ஓய்வுக்காலத்தில் ஒரு பழைய பென்ஸ்: பினாங்குத் தம்பதி எடுத்த முடிவும் பிறகு நடந்ததும்

இது உண்மையில் நடந்தது. சம்பந்தப்பட்ட தம்பதியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் இல்லை. தொகைகளைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். நான் வங்கியின் கார் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றவர்கள் பெரிய தொகைக்குக் கார் எடுக்கும்போது என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. அப்படித்தான் இவர்களும் வந்தார்கள்.

## பின்னணி

கணவருக்கு அப்போது 62 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 60. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக 33 ஆண்டுகள் இருந்துவிட்டு 2024 தொடக்கத்தில் பணி ஓய்வு பெற்றார். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இரண்டு மாடி வரிசை வீடு, கடன் முடிந்துவிட்டது. மகள் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறார். பேரனைப் பார்க்க மாதம் ஒருமுறையாவது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும். ஒரு வழிக்கே 300 கிலோமீட்டருக்குக் குறையாது.

பண நிலை மோசமில்லை. கணவரின் ஊழியர் சேமநிதியில் 412,000 ரிங்கிட் இருந்தது. மனைவியின் கடைசிச் சம்பளம் 6,500 ரிங்கிட். அரசுப் பணியில் 30 ஆண்டு நிறைந்தால் கடைசிச் சம்பளத்தில் 60 விழுக்காடு ஓய்வூதியம், அதுதான் உச்ச வரம்பு. அந்தக் கணக்கில் மாதம் 3,900 வருகிறது. பணிக்கொடையாக 193,000 ரிங்கிட் கிடைத்தது. அரசு மருத்துவமனைச் செலவுக்கும் பயமில்லை, ஓய்வூதியர் என்ற முறையில் அவருக்கும் கணவருக்கும் அந்தச் சலுகை தொடர்கிறது.

வீட்டில் இரண்டு கார்கள். கணவரிடம் 2006-இல் வாங்கிய புரோட்டோன் வாஜா. மனைவியிடம் 2012 பெரோடுவா மைவி. வாஜாவின் ஆயுசு முடியும் கட்டம். கியர் மாறும்போது உதைக்கிறது, குளிர்சாதனம் இருந்தும் இல்லாத மாதிரி. இத்தனை வருடங்கள் அது ஓடியதே கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்து தானே வேலை பார்த்ததால்தான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## கேள்வி எழுந்தது எப்படி

2024 மார்ச்சில் கணவர் கடையொன்றில் 2017 மாடல் மெர்சிடிஸ் ஈ250 ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். புதிதாக வந்தபோது நான்கு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய கார். கடைக்காரர் கேட்டது 145,000. “புது கேம்ரி விலைகூட இல்ல” என்று அவர் சொன்னதுதான் கணவரின் மனதில் ஒட்டிக்கொண்டது.

மகள், “அப்பா, வாங்கிக்குங்க, எப்பப் பாத்தாலும் எங்களுக்கே செலவு பண்ணிட்டிருக்கீங்க” என்றார். மனைவி வேண்டாம் என்றார். மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. அப்புறம்தான் இருவரும் சேர்ந்து வந்தார்கள்.

கணவர் சொன்ன காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், அது அற்பமான காரணமும் இல்லை. “முப்பத்தெட்டு வருஷம் மேனேஜருங்க காரு நிக்கிற வரிசையத் தாண்டித்தான் உள்ள போயிருக்கேன். ஒரு தடவ நானும் வச்சுப் பாக்குறேனே.” நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் பாதுகாப்பான, கனமான கார் என்பது அவருடைய இரண்டாவது வாதம். அதுவும் நியாயமானதே.

மனைவி பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசியது வேறு. “பணம் போறதப் பத்தி எனக்குக் கவலை இல்ல தம்பி. வாஜாவையும் மைவியையும் குடுத்துட்டு ஒரே காரா வச்சுக்கலாம்னு சொல்றாரு. அவ்வளவு பெரிய கார நான் ஓட்ட மாட்டேன். அப்ப மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நான் இவரக் கேட்டுத்தான் போகணுமா?”

மூன்று வாரச் சண்டையில் கணவர் இதைக் காதில் வாங்கவே இல்லை. மனைவி “வேண்டாம்” என்றதெல்லாம் அவருக்கு “செலவு வேண்டாம்” என்றே கேட்டிருக்கிறது.

## கவனித்தவை

கணக்கு. ஐந்தாண்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதினோம். ஈ250-ஐ 145,000-க்கு வாங்கி ஐந்து ஆண்டு கழித்து 80,000-க்கு விற்பதாக வைத்தால் மதிப்பிழப்பு மட்டும் 65,000. அந்தப் பணத்தை சேமநிதியிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தால் கிடைக்கும் ஈவு அடுத்தது. 2023-ஆம் ஆண்டுக்கு அறிவித்த 5.5 விழுக்காட்டையே கொண்டால் ஆண்டுக்கு 7,975, ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 39,900. காப்புறுதி 12,500, சாலை வரி 1,900, சர்வீஸ், டயர், பழுது எல்லாம் சேர்த்து 30,000. மொத்தம் 149,000-ஐத் தாண்டுகிறது. மாதத்துக்கு 2,490 ரிங்கிட், பெட்ரோல் இல்லாமல்.

ஒப்பிடுவதற்கு 95,500 ரிங்கிட் விலையுள்ள புதிய டொயோட்டா வியோஸை எடுத்துக்கொண்டோம். அதே முறையில் மாதம் 1,380 வந்தது. கணக்கர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். கூட்டு வட்டி இல்லை, தேய்மானமும் குத்துமதிப்பு. ஆனால் முடிவெடுக்க இந்த அளவு போதும். ஈ250 வைத்திருந்தால் மாதம் 1,100 ரிங்கிட் அதிகம். அவர்களுடைய வருமானத்துக்கு இது தாங்க முடியாத தொகை இல்லை என்பதையும் அதே தாளில் எழுதினேன். “கட்டுப்படியாகாது” என்று சொல்லிக் கணவரின் வாயை அடைப்பது எளிது, ஆனால் உண்மை அதுவல்ல.

சாலை வரியைப் பற்றி இருவருக்குமே தேவையில்லாத பயம் இருந்தது. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெட்ரோல் கார்களுக்கு எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி. 1,991 சிசி உள்ள ஈ250-க்கு 375 ரிங்கிட் 50 சென். அவர்களுடைய வாஜாவுக்கு 90. இது ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் பழைய பெரிய எஞ்சின்களில்தான். 3,000 சிசிக்கு மேல் அடிப்படை வரியே 2,130, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென். 3,498 சிசி உள்ள பழைய எஸ்350-க்கு ஆண்டுக்கு 4,371 ரிங்கிட் கட்ட வேண்டும். புதிய மைவியின் விலைக்கு எஸ்-கிளாஸ் என்று விளம்பரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்புறுதியில் ஒரு நல்ல செய்தி. வாஜாவின் மேல் கணவர் சேர்த்து வைத்திருந்த 55 விழுக்காட்டு என்சிடி கழிவை (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளச் சேதத்துக்கான பாதுகாப்பு சாதாரண முழுக் காப்புறுதியில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடன். கடைக்காரர் பாதிப் பணத்துக்குக் கடன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். 80,000 ரிங்கிட், ஐந்தாண்டு, 3.5 விழுக்காடு. “சேமநிதி அஞ்சர தருது, கடன் மூணரதான், அப்ப கடன் வாங்குறதுதானே லாபம்?” என்று கணவர் கேட்டார். இந்தக் கேள்வியை நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த 3.5 தொடக்க அசலின் மேல் போடும் நிலையான வட்டி. மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. ஐந்தாண்டில் 14,000 வட்டி. உண்மையான விகிதம் ஏறக்குறைய ஆறரை. அதுமட்டுமில்லை, 62 வயதுக்காரருக்கு வங்கி மகளை உத்தரவாதம் போடச் சொல்லும். இங்கேயே கடன் பேச்சு முடிந்தது.

வாசல். ஈ-கிளாஸின் நீளம் 4.92 மீட்டர். கணவர் நைலான் துணிக்கயிற்றை அந்த அளவுக்கு வெட்டி கேட்டின் தண்டவாளத்திலிருந்து உள்ளே நீட்டிப் பார்த்தார். கயிறு செருப்பு அலமாரியின் அடியில் புகுந்து, துளசித் தொட்டியைத் தாண்டி, வாசற்படியில் ஏறிவிட்டது. அலமாரியை எடுத்துவிடலாம் என்றார். துளசியை எங்கே வைப்பது என்று மனைவி கேட்டார். சி-கிளாஸ் 4.69 மீட்டர். கயிற்றை ஒரு சாண் அளவுக்கு மடித்ததும் துளசி தப்பித்தது. விலைப் பட்டியலைப் பார்த்துக் கொண்டிருந்த காலமெல்லாம் யாருக்கும் தோன்றாத விஷயம் இது.

கண். இரவில் எதிரே வரும் விளக்குகள் பூப்பூவாகச் சிதறித் தெரிகின்றன என்று கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். மனைவி உடனே திரும்பினார். “இத ஏன் எங்கிட்ட சொல்லல?” கண் மருத்துவர் இடது கண்ணில் புரை என்றார். வலது கண்ணிலும் ஆரம்பம். ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டி நெடுஞ்சாலைக் கார் வாங்கப் போகிறவருக்கு இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் கார் பேச்சின் போக்கு மாறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

## முதல் காரை விட்ட கதை

கண் விஷயம் தெரிவதற்கு முன்பே, ஏப்ரலில், ஈ250-ஐச் சோதிக்க ஐரோப்பியக் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையின் ஃபோர்மேனை அழைத்துப் போனார்கள். கட்டணம் 400 ரிங்கிட். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. “புஸ்பாகோம் பாஸ் ஆன வண்டிங்க” என்றார். புஸ்பாகோம் என்பது வாகனச் சோதனை நிறுவனம். பெயர் மாற்றத்துக்கு நடக்கும் அந்தச் சோதனை முதன்மையாக எஞ்சின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்களைச் சரிபார்க்கத்தான். எஞ்சின் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது. இதைத் தெரியாமல் ஏமாறுபவர்கள் நிறைய.

ஃபோர்மேன் முதலில் எஞ்சினைத் தொடவே இல்லை. முன் இருக்கையின் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தார். கடைசி இரண்டு சாண் நீளத்துக்கு மங்கலான பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. பிறகு இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்தார். போல்ட்டுகளின் தலையில் துரு. பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, மூலையில் விரலை விட்டுத் துழாவினார். விரல் நுனியில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு, காய்ந்து மாவாகியிருந்தது. காருக்குள் மல்லிகை வாசனைத் திரவம் தாராளமாக அடித்திருந்தார்கள்.

சர்வீஸ் பதிவில் 2021 அக்டோபருக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் ஒன்றுமில்லை. கார் சிலாங்கூரில் பதிவானது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கார் வெள்ளத்தில் மூழ்கியதுதான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கத் தேவையும் இல்லை. ஒயர்களின் இணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்த கார், வருடக்கணக்கில் விட்டு விட்டுத் தொல்லை கொடுக்கும். கணவர் பராமரிப்பில் இருந்தவர், மின்னணுப் பலகையில் ஈரம் புகுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குப் பாடம் நடத்த வேண்டிய விஷயமா? பேசாமல் காரை விட்டு இறங்கினார்.

## எழுதிக்கொண்ட நிபந்தனைகள்

மே மாதம் இருவரும் உட்கார்ந்து பேசியபோது நான் கேட்டது இரண்டே கேள்விகள்தான். பழுது பார்க்கும் பணம் எங்கே இருக்கிறது? நீங்கள் ஓட்ட முடியாத நாளில் யார் ஓட்டுவார்கள்? இவற்றுக்குப் பதில் இருந்தால் எந்தக் காரையும் வாங்கலாம் என்பது என் கருத்து. பதில் இல்லாவிட்டால் வியோஸும் வேண்டாம்.

அவர்கள் எழுதிக்கொண்டது இது. கண் அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகே கார். கடன் கிடையாது, விலை 95,000-க்குள். மைவி வீட்டிலேயே இருக்கும், வாஜா மட்டும் போகும். காற்று சஸ்பென்ஷன் உள்ள காரும் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட்டும் வேண்டாம். ஹைபிரிட்டுகள் அந்தக் காலத்து வரிச்சலுகையில் நிறைய விற்று இப்போது சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும். மனைவி ஓட்டிப் பார்த்துச் சரி சொன்னால்தான் முன்பணம்.

கடைசி நிபந்தனைதான் முக்கியம். 20,000 ரிங்கிட்டைப் பழுது நிதியாகத் தனியே ஒதுக்கி, மனைவியின் பெயரில் அமானா சகாம் மலேசியா என்ற முதலீட்டு நிதியில் போடுவது. காருக்கான பழுதுச் செலவு எல்லாம் அதிலிருந்து மட்டும். நிதி 5,000-க்குக் கீழே இறங்கினால் காரை விற்பது, மேற்கொண்டு பணம் போடுவதில்லை.

இந்த நிபந்தனையைக் கணவர் எளிதில் ஏற்கவில்லை. “சின்ன வேலையெல்லாம் நானே பாத்துக்குவேன், எதுக்கு இருபதாயிரம்?” என்றார். ஃபோர்மேன்தான் பட்டறையில் அவரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு பேட்டரி மாற்றியதற்கே கணினியைப் பொருத்திப் பதிவு செய்ய வேண்டியிருப்பதைக் காட்டினார். வாஜாவில் கற்ற வித்தை இங்கே பாதிதான் செல்லும் என்று கணவருக்குப் புரிந்தது. முகம் கொஞ்சம் வாடியது என்றும் மனைவி சொன்னார்.

## இரண்டாவது கார்

இடது கண்ணுக்கு ஆகஸ்டில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பினார். அக்டோபரில் ஈப்போவில் ஒரு கார் கிடைத்தது. 2015 மாடல் சி200, உள்நாட்டிலேயே பெக்கான் ஆலையில் பொருத்தியது, முதல் உரிமையாளர், 74,000 கிலோமீட்டர், சர்வீஸ் பதிவில் இடைவெளி இல்லை. ஃபோர்மேன் பெல்ட்டை இழுத்தார், போல்ட்டைப் பார்த்தார், கணினியைப் பொருத்தினார். எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கிறது, கியர் ஆயில் மாற்றியே ஆக வேண்டும், இரண்டு டயர்களுக்கு ஆறு வயதாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும், பட்டை தேயாமல் இருந்தாலும் வயது மறையாது.

அந்தக் காகிதத்தைக் காட்டி 96,000-ஐ 91,500-க்குக் குறைத்தார்கள். மனைவி ஈப்போவின் தெருக்களில் முக்கால் மணி நேரம் ஓட்டினார். “மைவியவிட திருப்ப லேசா இருக்கு” என்று அவரே சொன்னது கணவருக்கு ஆச்சரியம். ஐந்தாண்டுக் கணக்கை இந்தக் காருக்குப் போட்டபோது மாதம் 1,700 வந்தது. வியோஸைவிட 320 அதிகம். வாங்கினார்கள்.

## பிறகு நடந்தவை

2025 டிசம்பர் வரையான 14 மாதங்களின் பில்கள் என் முன்னால் இருக்கின்றன. வாங்கியதும் எல்லா ஆயில்களும், கியர் ஆயிலும், பேட்டரியும், இரண்டு டயரும்: 4,900. ஐந்தாவது மாதம் எஞ்சின் மவுண்டும், தண்ணீர் கசிந்த தெர்மோஸ்டாட்டும்: 2,700. நம் ஊர் வெயிலில் ஒன்பது பத்து வருடம் கிடந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும் இப்படித்தான் ஒவ்வொன்றாக விடைபெறும். பதினோராவது மாதம் காலையில் முதல் தடவை எஞ்சினை இயக்கும்போது ஓரிரு வினாடி கடகடவென்று சத்தம். கணவர் தன் கைப்பேசியில் பதிவு செய்து ஃபோர்மேனுக்கு அனுப்பினார். கேம் ஷாஃப்ட் அட்ஜஸ்டர் தேய்ந்திருந்தது. 4,600. மொத்தம் 12,200. நிதியில் மிச்சம் 7,800.

ஐந்தாண்டுக்கு 25,000 என்று வைத்த பழுதுக் கணக்கில் ஏறக்குறைய பாதி பதினாலு மாதத்திலேயே போய்விட்டது. 2025 கடைசியில் ஒரு கடையில் விலை கேட்டுப் பார்த்தார்கள். 74,000 என்றார்கள். மதிப்பிழப்பு, பழுது, காப்புறுதி, சாலை வரி, 2024-க்கு சேமநிதி கொடுத்த 6.3 விழுக்காட்டு ஈவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இதுவரை மாதம் 2,780 ரிங்கிட் ஆகியிருக்கிறது. போட்ட கணக்கு 1,700. கடைக்காரர் வாங்கும் விலை எப்போதும் குறைவுதான், தவிர முன்னவர் தள்ளிப்போட்ட வேலைகள் முதல் வருடத்தில் வாங்கியவர் தலையில் விழும். போகப் போகச் சராசரி இறங்கக்கூடும். ஆனால் 1,700-க்கு இறங்கும் என்று நான் நம்பவில்லை.

காப்புறுதியிலும் ஒரு மாற்றம். 2025 அக்டோபரில் புதுப்பிக்கப் போனபோது காருக்குப் பத்து வயது. முதல் ஆண்டு ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் கொடுத்த நிறுவனம், இனி சந்தை மதிப்புக்குத்தான் என்றது. கார் முழுச் சேதமானால் கையில் வரும் தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

பெட்ரோல் பயம் மட்டும் வீணானது. உதவித்தொகை விலை பணக்காரர்களுக்கு இல்லை என்று 2025 பட்ஜெட் பேச்சிலிருந்தே ஒரு கவலை இருந்தது. 2025 செப்டம்பர் 30-இல் வந்த புடி95 திட்டத்தில் ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமகனுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென், தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் என்றிருந்தது. மைகாட் அடையாள அட்டையைத்தான் பார்க்கிறார்கள், காரை இல்லை.

யாரும் தாளில் எழுதாத செலவு ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் வாசலில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை சொன்னார். பக்கத்து வீட்டுக்கு அவரே வாங்கியதைவிட 1,500 அதிகம். உறவில் ஒருவர் 15,000 கைமாற்று கேட்டார். இல்லை என்றதற்கு, “பென்ஸ் வச்சிருக்கீங்க, இல்லன்னு சொல்றீங்களே” என்றார். அந்த உறவு இன்னும் சரியாகவில்லை. மனைவி சில கல்யாணங்களுக்கு மைவியில்தான் போகிறார்.

நல்லதையும் எழுத வேண்டும். முன்பெல்லாம் பெட்டாலிங் ஜெயா போய்ச் சேர்ந்ததும் கணவர் முதுகுவலியோடு படுத்துவிடுவார், இப்போது பேரனோடு உட்கார்ந்து விளையாடுகிறார். திரும்பும்போது சுங்கை பேராக் ஓய்விடத்திலிருந்து மனைவி ஓட்டுகிறார். 2025 பிப்ரவரியில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்து கணவர் சில வாரம் ஓட்டக் கூடாது என்றிருந்தபோது, சோதனைகளுக்கு அவரைக் கூட்டிப்போய் வந்தது மனைவிதான், சில நாள் மைவியில், சில நாள் சி200-இல். கணவரிடம் கேட்டால் வாங்கியது சரிதான் என்கிறார். மனைவியிடம் கேட்டால், “வாங்குனது தப்பில்ல. ஆனா நான் அன்னிக்கு சரின்னு சொன்னது அந்த இருபதாயிரம் எங்கிட்ட இருந்ததாலதான்” என்கிறார்.

## மறுபடி செய்தால்

இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். கணவர், 20,000-ஐ இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும் என்கிறார். வாங்கியதும் செய்யும் முதல் சுற்று வேலைகளை விலையோடு சேர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதை மட்டும் பழுது நிதியில் எழுதியிருந்தால், இப்போது மிச்சம் 12,700 இருந்திருக்கும். விற்கும் நெருக்கடி இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்பது வயதுக் காரின் விலை என்பது கடைக்காரர் கேட்கும் தொகையோடு அந்த முதல் பில்லும் சேர்ந்ததுதான், 95,000 என்ற வரம்பை அப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.

மனைவி, கண் பரிசோதனையை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்திருக்க வேண்டும் என்கிறார். முதல் காரில் சேறு இல்லாமல் இருந்திருந்தால், இரவில் சாலை தெரியாத நிலையிலேயே 145,000 கொடுத்திருப்பார்கள். அதோடு அந்தக் கயிறு. காரைப் பார்க்கப் போவதற்கு முன் அளந்திருந்தால் ஈ-கிளாஸ் பேச்சே வந்திருக்காது.

என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். இப்போது இதே மாதிரி யாராவது கேட்டு வந்தால், வாங்கும் காருக்கு எத்தனை மாதத்தில் பத்து வயது ஆகிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். அந்த ஆண்டின் காப்புறுதி நிபந்தனையை முன்கூட்டியே முகவரிடம் கேட்டு, விலை பேசும்போது கையில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த பெரிய செலவு 2026 நடுவில் வருகிறது. மற்ற இரண்டு டயர்களும் முன் பிரேக்கும், ஃபோர்மேனின் மதிப்பீடு 2,600. அது போனால் நிதியில் 5,200 நிற்கும், எல்லைக்கு 200 ரிங்கிட் மேலே. எல்லையை 3,000-ஆகக் குறைக்கலாமே என்று கணவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். மனைவி சம்மதிக்கவில்லை. 2026 அக்டோபர் காப்புறுதி புதுப்பிப்புக்கு முன் விற்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்வதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டு உத்தரவாதத்தோடு வரும் சிறிய புதுக் கார் ஒன்றின் விலைப் பட்டியலைக் கணவரே கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.